தகரக் கதவுக்கு அந்தப் பக்கம்

ரேடியோ கேக்குது. அதுதான் எனக்கு வெளங்க மாட்டேங்குது. பாத்ரூமுக்குள்ள வாளியைக் கவுத்துப் போட்டு, அதும் மேல ரேடியோவை வெச்சு, ரேடியோ கைப்பிடியில என்ற காது மெஷினுக்குச் சத்தம் அனுப்பற இந்தக் கெரகம் புடிச்ச மைக்கை மாட்டிவிட்டு, தகரக் கதவைச் சாத்திட்டு முன் ரூம்புல வந்து என்ற சேருல உக்காந்தா, மஞ்சள் குவிண்டால் என்ன வெலைன்னு ஒருத்தன் காதுக்குள்ளயே குந்திக்கிட்டுச் சொல்றான். இருபத்தேழு அடி. நடுவுல ரெண்டு செவுரு, ஒரு பிரிட்ஜு, ஒரு பீரோ, கடைசியா அந்தக் கதவு. இத்தனையும் தாண்டி மஞ்சள் வெலை வருது, என்ற பொண்டாட்டி மயிலாத்தா சத்தம் மட்டும் வர்றதில்ல. ஒரு மாசமா சோதனை பண்ணிப் பாத்தாச்சு. ரேடியோ உள்ள போனாக் கேக்குது, அவ உள்ள போனாக் கேக்கறதில்ல. காது மெஷின் கடையில இருக்கற பொண்ணு அன்னைக்கே சொன்னா, சார், வெட்டவெளியில இது அறுபது அடி எட்டும், வீட்டுக்குள்ள செவுரு தடுக்கும், இரும்பு தடுக்கும், மனுச ஒடம்புகூடத் தடுக்கும், நீங்களே நடந்து பாத்துக்கங்கன்னு. நடந்தேன். சாக்பீஸு எடுத்துக்கிட்டுத் தரையில கோடு போட்டுக்கிட்டே நடந்தேன். பக்கத்து வீட்டுக்காரன் ஜன்னல்ல பாத்துட்டு, என்ன மாமா, இந்த வயசுல பாண்டி வெளையாடறீங்களான்னு கேட்டான். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டேன் கோட்டை. பீரோவை எடம் மாத்துனேன். பிரிட்ஜை ரெண்டு அடி நகத்துனேன், இடுப்பு புடிச்சுக்கிச்சு. அப்பவும் அவ உள்ள போயிக் கதவைச் சாத்துனா காதுக்குள்ள ஒண்ணுமில்ல. அவ ஒடம்புதான் தடுக்குதா. நாப்பத்தொரு வருசம் கூடப் படுத்த ஒடம்பு, அது தடுக்குமா. இருக்கும், மைக்குக்கு அதெல்லாம் என்ன தெரியும். மைக்கு நெஞ்சுல கெடக்குது, அவ அந்தப் பக்கம் திரும்பி உக்காந்தா முதுகு நடுவுல வருது. அப்படித்தான் இருக்கோணும். வேற என்ன இருக்க முடியும்.

பத்தரைக்குப் பிரபா வர்றா. மக. திருப்பூர்ல இருந்து மாப்ளையும் கூட வர்றாரு, காருல. காரு எதுக்குன்னு எனக்குத் தெரியும். போன மாசம் மயிலா நெத்தியில ஆறு தையலோட கட்டில்ல கெடக்கறப்ப பிரபா என்னை வீட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குக் கூட்டிட்டுப் போயி, கெணத்துமேட்டுல நிக்கவெச்சு, மொகத்துக்கு நேரா நின்னு, வாயை நல்லாத் தொறந்து சொன்னா, "அப்பா, ஒரு மாசம். அந்த மைக்கு பாத்ரூம் வரைக்கும் எட்டுச்சுன்னா அம்மா இங்கயே இருக்கட்டும். எட்டலீன்னா எங்கூட வந்துரட்டும். அப்பறம் ஒரு பேச்சுப் பேசக் கூடாது." நான் மண்டையை ஆட்டுனேன். வேற என்ன பண்றது. அவ கண்ணுல ஒரு கேள்வி இருந்துச்சு, அதை அவ கேக்கல, கேட்டிருந்தாத் தேவலை. தூங்கிட்டீங்களா அப்பா. அதான் கேள்வி. ஒரு செவ்வாக்கிழமை, மணி பதினொண்ணு, நான் இதே சேருல பேப்பரு படிச்சுட்டிருந்தேன், மெஷின் ரெண்டும் காதுல இருந்துச்சு. மயிலா தடியை ஊணிக்கிட்டு உள்ள போனா, மைக்கு கழுத்துல கெடந்துச்சு. வாதம் வந்ததுல இருந்து இடது கை இடது காலு அவ சொன்ன பேச்சுக் கேக்கறதில்ல. நாப்பது நிமிசம் கழிச்சுத் தண்ணி குடிக்கலாம்னு நான் எந்திரிச்சுப் போனா, தகரக் கதவுக்கு அடியில தண்ணி வந்துட்டிருக்குது, தண்ணி செவந்து வருது. கதவைத் தள்ளுனா அவ கன்னத்தைத் தரையில வெச்சுக்கிட்டு வாயை அசைச்சுட்டே இருக்கா. ஏனுங்க, ஏனுங்க, ஏனுங்க. மில்லு எரைச்சல்ல நின்னவனுக்கு ஒதடு படிக்கத் தெரியும். எத்தனை தடவை சொல்லியிருப்பா. நிமிசத்துக்குப் பத்துன்னு வெச்சாலும் நானூறு. இன்னொண்ணு இருக்குது, அது பிரபாவுக்குத் தெரியாது. மைக்கு தூரம் தாண்டிப் போச்சுன்னா மெஷின் காதுக்குள்ள டுங்க் டுங்க்குனு ரெண்டு தடவை சொல்லோணும். நான் தெருமுக்குக் கடைக்குப் போறப்பவெல்லாம் சொல்லியிருக்குது, ஒரு நாளும் தவறுனதில்ல. அன்னைக்குச் சொல்லல. சொல்லலீன்னா தூரம் தாண்டல. தாண்டலீன்னா கேட்டிருக்கோணும். கேக்கலீன்னா நான் தூங்கியிருக்கோணும். தூங்கலீன்னு எந்தக் கோயில்ல வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன், ஆனாத் தூங்குனவனுக்குத் தூங்குனது தெரியுமா. பேப்பருல என்ன படிச்சேன்னு நெனச்சுப் பாக்கறேன். ஏதோ பாலம் கட்டற சேதி. மறுபடியும் அந்த எடத்துக்கே வந்து நிக்கறேன், பாலத்துக்கு அங்கிட்டு ஒண்ணும் ஞாபகம் வர மாட்டேங்குது.

முப்பத்திரண்டு வருசம் மில்லுல நூல் சுத்தற ரிங் பிரேமு மெஷினுக்கு நடுவுல நின்ன காது. ரிட்டயர்டு ஆகறப்ப ஒரு சால்வை குடுத்தாங்க, காதை வாங்கிக்கிட்டாங்க. மெஷின் வெச்சும் மயிலா பேசறது எனக்குச் சரியாக் கேக்காது, வாதம் வந்தப்பறம் அவ குரலு வேற கொழகொழன்னு ஆயிருச்சு. பிரபாதான் இந்த மைக்கை வாங்கிக் குடுத்தா. மொத நாளு அதைக் கயித்துல கோத்து மயிலா கழுத்துல மாட்டுனா, தாலியும் அதும் உரசி டிக் டிக்குனு காதுக்குள்ள சத்தம் வந்துச்சு, நான் எந்திரிச்சு நின்னுட்டேன். எட்டு வருசத்துக்கப்பறம் அவ மூக்கு உறிஞ்சறது கேட்டுச்சு. பாலு பொங்கறப்ப, இரு இரு, எங்க போற அவசரமான்னு பாலை வையறது கேட்டுச்சு. இப்படியெல்லாம் பேசுவாளா இவ. காலெடுத்து வெக்கற ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு மொனகல் இருந்துச்சு, மாடு அசை போடறாப்பல. எனக்கு டிவி எதுக்கு, ரேடியோ எதுக்கு. நாளெல்லாம் இந்தச் சேருல உக்காந்துக்கிட்டு அவளையே கேட்டுட்டுக் கெடந்தேன். சந்தோசமாத்தான் இருந்தேன், பொய் என்னத்துக்கு. இங்கிருந்தே கொரல் குடுப்பேன், ஏ மயிலா, இருமறயே, சுடுதண்ணி குடி. ஏ மயிலா, யாரைத் திட்டற. ஏ மயிலா, ஏன் மூச்சு வாங்குது. மைக்கு வந்த மூணாவது வாரம் அந்த மொனகல் நின்னு போச்சு. காலுவலி கொறைஞ்சிருச்சுன்னு டாக்டருகிட்டப் பெருமையாச் சொன்னேன். பாலைத் திட்டறதும் நின்னு போச்சு. இப்ப கொஞ்ச நாளா காப்பி வேண்டாங்கறா, தண்ணி வேண்டாங்கறா, சொம்புல வெச்சது வெச்சபடி இருக்குது. வயசானா நாக்குச் செத்துப் போகும்னு நானா ஒரு காரணம் சொல்லிக்கிட்டேன்.

மணி ஒம்பதே முக்காலு. ராகிக் கூழைக் கரைச்சு டம்ளருல ஊத்திக்கிட்டுப் போறேன். கட்டில்ல உக்காந்து ஜன்னலைப் பாத்துட்டிருக்கா. "குடி." "வேண்டாங்க." "நேத்தும் குடிக்கல." "வேண்டாங்கறனுங்க." அவ குரலு காதுக்குள்ள பளிச்சுனு வருது, மூணு அடியில இருந்தா வராம என்ன. என்ற மனசுக்குள்ள ஒரு திருட்டு யோசனை காலையில இருந்து ஓடுது. பிரபா வந்தா மைக்கை அவளே மாட்டிக்கிட்டு உள்ள போவா, அம்மாவை நடக்க வெக்க மாட்டா. பிரபா ஒல்லி, ஈர்க்குச்சி, அவ ஒடம்பு எதைத் தடுக்கப் போகுது. கேட்டிரும். கேட்டுச்சுன்னா மயிலா எங்கயும் போக மாட்டா. ஆனா மயிலா உள்ள போனாக் கேக்காதுங்கறது எனக்குத் தெரியும். தெரிஞ்சே மறைக்கறேன். நாளைக்கு மறுபடியும் விழுந்தா. விழுந்தா என்ன, நான் கதவுக்கு வெளிய ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்குவேன். ரெண்டு நாளு உக்காந்தும் பாத்தேன், அவ உள்ள போகவே இல்ல, வயிறு சரியில்லீன்னு படுத்துக்கிட்டா. திருப்பூருக்குப் போயிட்டா இந்த வீட்டுல எனக்கு என்ன சத்தம். மெஷினைக் கழட்டி டப்பாவுல போட்டுரலாம். மெஷினை மட்டுமில்ல. போதும், கெட்ட நெனப்பு வேண்டாம், ஒரே ஒரு தடவை அவளையே வெச்சுப் பாத்துருவோம், கதவைச் சாத்தாம, பக்கத்துல நின்னு, முதுகுதான் தடுக்குதான்னு பாத்துருவோம். "மயிலா, எந்திரி. பாத்ரூம் வரைக்கும் வா, ஒரு சோதனை." "இப்ப எனக்கு வரலீங்க." "வர வேண்டாம், சும்மா நில்லு." அவ தடியை எடுத்தா. நான் முழங்கையைப் புடிச்சுக்கிட்டேன். சமையல்கட்டைத் தாண்டி, பிரிட்ஜைத் தாண்டி, நான் போட்ட கோடு ஒவ்வொண்ணா மிதிச்சுக்கிட்டுப் போறோம். தாலி டிக் டிக்குனு உரசுது, காதுல கேக்குது. அவ மூச்சு கேக்குது. வாசப்படி வந்துச்சு. தடியைச் செவுத்துல சாத்துனா. அப்பறம் அவ வலது கை மேல போச்சு. அவ நெனைச்சுப் போகல, தானாப் போச்சு, மாராப்பைச் சரி பண்றாப்பலப் போயி, மைக்கு மேல இருக்கற குட்டிப் பொத்தானைக் கட்டைவிரலு அமுக்குச்சு. என்ற காதுக்குள்ள மூச்சு அணைஞ்சு போச்சு. டுங்க் டுங்க் வரல. ஒண்ணுமே வரல. பச்சையா இருந்த லைட்டு செவப்பா நிக்குது, நான் அவளுக்கு ஒரு அடியில நிக்கறேன்.

நான் அவ கையைப் பாக்கறதை அவ பாத்துட்டா. பொத்தான்ல இருந்து வெரலை எடுக்கவும் தெரியாம, வெக்கவும் தெரியாம நின்னா. நானே கையை நீட்டி அமுக்குனேன், லைட்டு பச்சையாச்சு. "எப்ப இருந்து?" அவ சாத்தி வெச்ச தடியைத் தேடுனா. "மயிலா, எப்ப இருந்து பண்ற?" "மாட்டுன நாள்ல இருந்தேங்க." "அன்னைக்கு?" "அன்னைக்கும்தான். அமுக்கிட்டுத்தான் போனேன். வழுக்கிருச்சு. இந்தக் கை அடியில மாட்டிக்கிச்சு, அந்தக் கையால அமுக்கத் தெம்பில்லீங்க. வாயால கூப்புட்டேன்." நான் அவ முழங்கையை விட்டுட்டேன். "ஒரு மாசமா நான் செவுத்தை எடுத்துவெக்காத கொறையா அலையறேன், ஒரு வார்த்தை சொன்னா என்ன?" "எப்படிங்க சொல்றது." "அதுல என்னடி இருக்குது?" "உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. உள்ள உக்காந்தா நீங்க காதுக்குள்ள உக்காந்துட்டிருக்கறாப்பல இருக்குது. எனக்கு வர மாட்டேங்குது. அமுக்குனாலும் சரியா அமுங்குச்சோ என்னமோன்னு பயம். நாலு நாளா வெளிக்குப் போகலீங்க." அதுக்குத்தான் தண்ணி வேண்டாம். அதுக்குத்தான் கூழு வேண்டாம். நான் என்னமோ சொல்ல வாயெடுத்தேன், அவ முந்திக்கிட்டா, "நான் பிரபாகூடவே போறேனுங்க. அங்க அவ இருக்கா, வேலைக்கு ஒரு பொம்பளை வர்றா. பொம்பளைங்க உள்ள வந்து புடிச்சுக்கிட்டா எனக்குக் கூச்சமில்ல. நீங்க வேண்டாங்க." அப்பறம் என்ற மணிக்கட்டைப் புடிச்சா, நல்ல கையால, நல்லா இறுக்கி. "இதை அவகிட்டச் சொல்லிப் போடாதீங்க. மாப்ளை இருப்பாரு."

கூட்டிட்டு வந்து கட்டில்ல உக்கார வெச்சேன். நான் என்ற சேருக்கு வந்துட்டேன். கோவம்னா கோவம், கையில கெடைச்சதை ஒடைக்கோணும் போல இருக்குது, ஒடைக்க மைக்குத்தான் இருக்குது, அது அவ கழுத்துல கெடக்குது. நாப்பத்தொரு வருசம். கல்யாணம் ஆன புதுசுல மில்லு லைன் வீட்டுல பொதுக் கக்கூசு, அவ விடியறதுக்கு முன்னாலயே எந்திரிச்சுப் போயிட்டு வந்துருவா, எப்பப் போனா எப்ப வந்தான்னு எனக்குத் தெரியாது. சொந்த வீடு கட்டிப் பாத்ரூமு வெச்சப்பறம் கொழாயைத் தொறந்துவிட்டுட்டுத்தான் உள்ள உக்காருவா, தண்ணி வீணாப் போகுதுன்னு எத்தனை நாளு வஞ்சிருக்கேன். எதுக்குத் தொறக்கறான்னு ஒரு நாளாவது யோசிச்சனா. காது செத்துப் போன எட்டு வருசமும் அவளுக்கு நிம்மதியா இருந்திருக்கும். அந்த நிம்மதியில கொண்டுபோயி ஒரு மைக்கை மாட்டிவிட்டு, இருமறயே மயிலா, மொனகறயே மயிலா. வலியைக்கூட வாய்விட்டு மொனகாம முழுங்கியிருக்கா, நான் சேருல உக்காந்து சிரிச்சுட்டிருந்திருக்கேன். நான் தூங்கல. இது ஒண்ணு கெடைச்சுது, நான் அன்னைக்குத் தூங்கல. ஆனா அதை யாருகிட்டச் சொல்றது. சொன்னாத் தீந்துச்சு. கண்ணு பிரபா, மைக்கு எட்டுது, அப்பன் தூங்கல, உங்கம்மாதான் அமுக்கிட்டான்னு ஒரே வார்த்தை. பிரபா தலையில அடிச்சுக்குவா, ஏம்மா இதுக்கெல்லாம் வெக்கப்படுவாங்களாம்பா, மாப்ளை ஜன்னலைப் பாத்துக்குவாரு, பொத்தான் மேல ஒரு டேப்பு ஒட்டிருவாங்க. மயிலா இங்கயே இருப்பா. டேப்பு ஒட்டுன மைக்கோட, தண்ணி குடிக்காம, என்ற மொகத்தைப் பாக்காம இருப்பா. சொல்லாமலும் இருக்கலாம். கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தாப் போதும், பிரபா தானா உள்ள போவா, கேட்டிரும், கேக்குதுன்னு சொல்லிரலாம், அவளா போட்ட சட்டம், அவளால மீற முடியாது. மயிலா என்ன பண்ணிருவா. ஒண்ணும் பண்ண மாட்டா. தடியை ஊணிக்கிட்டுப் போயி மறுபடியும் அமுக்குவா. மறுபடியும் ஒரு செவ்வாக்கிழமை கதவுக்கடியில தண்ணி வரும். அட சாமி, எனக்கு அவ வேணும். கேக்காட்டியும் பரவால்ல, பேசாட்டியும் பரவால்ல, அந்தக் கட்டில்ல அவ உக்காந்திருக்கோணும், அவ்வளவுதான் எனக்கு.

காரு வந்துருச்சு, செவுத்துல காருக் கண்ணாடி வெயில் ஓடுனதை வெச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். பிரபா உள்ள வந்ததும் அம்மா நெத்தியைத் தொட்டுத் தையல் தழும்பைப் பாத்தா. மாப்ளை பூபதி, நல்லா இருக்கீங்களா மாமான்னு கேட்டுட்டு எனக்கு எதுக்க மோடாவுல உக்காந்தாரு. நல்ல மனுசன், எங்கிட்டப் பேசறப்ப மட்டும் கொழந்தைகிட்டப் பேசறாப்பல ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுவாரு. காப்பி வேண்டாம்னுட்டா பிரபா. மொதல்ல இதைப் பாத்துரலாம்ப்பான்னு சொல்லி, அம்மா கழுத்துல இருந்து மைக்கைக் கழட்டித் தன்ற கழுத்துல மாட்டிக்கிட்டா. மாப்ளைகிட்ட, நீங்க அப்பாவைப் பாத்துட்டே இருங்கன்னா. நடந்து போறா. அவ செருப்பில்லாத காலு தரையில ஒட்டி ஒட்டி எடுக்கறது வருது, பை வாரு உரசறது வருது, தகரக் கதவு கிறீச்சுனு சாத்தறது வருது. மயிலா கட்டில்ல உக்காந்து என்னையே பாக்கறா. கெஞ்சற பார்வையா, நீங்களே முடிவு பண்ணிக்கங்கங்கற பார்வையா, எனக்குத் தெரியல, ஒதடு அசைஞ்சாத்தான் எனக்குப் படிக்கத் தெரியும். "அப்பா," காதுக்குள்ள பிரபா. அத்தனை கிட்டத்துல அவ குரலை நான் கேட்டு எத்தனையோ வருசமாச்சு. "அப்பா, கேக்குதுங்களா? கேட்டாக் கையைத் தூக்குங்க, அவரு பாத்துச் சொல்லுவாரு." என்ற ரெண்டு கையும் மடியில கெடக்குது. மாப்ளை என்ற கையைப் பாக்கறாரு. மயிலா என்ற கையைப் பாக்கறா. "அப்பா, கையைத் தூக்குங்க." வலது கை தானா எந்திரிக்கப் பாக்குது, இடது கையை அது மேல வெச்சுக்கிட்டேன். உள்ள அவ மூச்சு விடற சத்தம். அப்பறம் ரொம்ப மெதுவா, எனக்குக் கேக்காதுன்னு முடிவு பண்ணுனவ மாதிரி, "தூக்கிருங்கப்பா. உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப்பா போவேன், தூக்கிருங்கப்பா." மாப்ளை சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "இல்ல பிரபா, மாமா அசையவே இல்ல"ன்னாரு. கதவு தொறக்கற சத்தம் வந்துச்சு.

பிரபா மொகத்தைக் கழுவிட்டுத்தான் வந்தா. எனக்கு நேரா நின்னு, வாயை நல்லாத் தொறந்து, "ஒண்ணுமே கேக்கலீங்களாப்பா?"ன்னு கேட்டா. "இல்ல கண்ணு. கதவைச் சாத்துனதோட நின்னு போச்சு"ன்னேன். மயிலா குனிஞ்சு மாராப்பை இழுத்துவிட்டுக்கிட்டா, கையி கழுத்துக்குப் போயி, அங்க ஒண்ணுமில்லீன்னு தெரிஞ்சு கீழ எறங்குச்சு. ஒரு சொம்புத் தண்ணி குடு பிரபான்னு கேட்டா. முழுச் சொம்பையும் ஒரே மூச்சுல குடிச்சா. "சரிங்கப்பா, அம்மா துணியெல்லாம் எடுத்து வெக்கறேன், பெட்டி எங்க இருக்குது?"ன்னா பிரபா. அது பரண் மேல பழைய பாயிக்குப் பின்னாடி இருக்குது, உனக்கு எட்டாதுன்னு சொல்லி, ஸ்டூலைப் போட்டு நானே ஏறி எடுத்து, மேல இருந்த தூசியைத் துண்டால தொடைச்சுக் குடுத்தேன்.